பெருவிரல் தேய்ந்த ஆயர்

காலை ஆறு ஐம்பது. குரோவேசியக் கரையில் இருக்கும் ஸ்பிளிட் நகரில் நான் முதலில் கண்டது ஒரு கால் பெருவிரலை.

இடது கால். வெண்கலம். சிலை முழுவதும் கறுத்து, மடிப்புகளில் பச்சை பிடித்திருந்தது. அந்த ஒரு விரல் மட்டும் மஞ்சளாக மினுங்கியது. அளவில் ஓர் இறாத்தல் பாண், ஒரு முழு ரொட்டி, இருக்கும். நிமிர்ந்து பார்த்தால், இரண்டு மாடிக்குக் குறையாத உயரத்தில் ஓர் ஆயர். நீண்ட தாடி, தலையில் ஆயருக்குரிய கூர்முடி, இடது கையில் புத்தகம். வலது கையின் சுட்டுவிரல் மேலே நின்றது. யாருடனோ வாதாடிக்கொண்டிருந்த இடத்திலேயே அவரை வார்த்துவிட்டது போலிருந்தது. அவருக்குப் பின்னால் பழைய மதில், மதிலில் ஒரு வாசல்.

நேரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் நான்கு வருடம் செய்தி எழுதினேன். பிறகு நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டினேன். இப்போது ஒஸ்லோவில் ஒரு பார்ணஹாகேயில், மழலையர் பள்ளியில், மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிறேன். இத்தனை இடம் மாறியும் குறிப்புப் புத்தகம் கைப்பையை விட்டு இறங்கவில்லை.

ஒஸ்லோவிலிருந்து முப்பத்தொரு பேர் வந்திருந்தோம். எல்லோரும் தமிழ்க் கத்தோலிக்கர், ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். எல்லைக்கு அப்பால் பொஸ்னியாவில் இருக்கும் மாதா தலத்துக்கு யாத்திரை. ஸ்பிளிட் எங்களுக்கு விமானம் இறங்கும் ஊர் மட்டுமே. பயணத் தாளில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: இரவு தங்கல், காலைச் சாப்பாடு, பத்து மணிக்கு பஸ். விடியத்தான் காலாற நடந்து வந்தோம். நடந்து வந்த இடத்தில் இந்த விரல் எதிர்ப்பட்டது.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றார் பொறுப்பாளர் அண்ணை. யாத்திரை ஒழுங்கு செய்தவர் அவர். முப்பது வருடம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். அவர் சொன்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

"எந்தப் புனிதர் அண்ணை இது?" என்று கேட்டேன்.

"பேர் தெரியாட்டி என்ன? விரலைப் பாரும். சும்மா நிக்கிற ஆளின்ரை விரல் உப்பிடித் தேயுமோ? எத்தினை ஆயிரம் பேருக்குச் செய்து குடுத்திருக்க வேணும்."

இந்த வாதத்துக்கு எங்களில் யாரிடமும் மறுப்பு இல்லை. சுரூபத்தின் எந்த இடம் தேய்ந்திருக்கிறதோ அந்த இடத்தில் அருள் இருக்கிறது என்று பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். என்னுடையது தவிர முப்பது சோடிச் சப்பாத்துகள் படியோரம் வரிசையாக நின்றன. செப்டெம்பர் மாதம், கல் குளிர்ந்திருந்தது. ஒவ்வொருவராக விரலைத் தொட்டு, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றி, கைலேஞ்சியால் விரலைத் துடைத்து, அதை மடித்துப் பைக்குள் வைத்தார்கள். வர முடியாத நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். ஒருவர் மகன் மூன்றாம் முறை எழுதப் போகும் சாரதிப் பரீட்சையைக் கேட்டார். இன்னொருவர் முழங்காலைக் கேட்டார், பிறகு மருமகளைக் கேட்டார், பிறகு வேறு எதையோ கேட்கத் தொடங்கினார்.

"எல்லாத்தையும் ஒரேயடியாக் கேளாதையும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மற்ற ஆக்களுக்கும் கொஞ்சம் விடும்."

இவ்வளவும் நடக்கும்போது நகரசபை ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். வரிசையையும் சப்பாத்துகளையும் பார்த்தார். எங்களைச் சுற்றிக்கொண்டு கூட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக நின்றவர் லில்லெஸ்ட்ரோம் அக்கா. லில்லெஸ்ட்ரோமில் இருந்து ரயிலில் பூசைக்கு வருவதால் அவருக்கு அந்தப் பெயர். மன்னார்ப் பக்கம் பிறந்தவர். ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை. அவர் விரலைத் தொட்டபடி நீண்ட நேரம் நின்றார்.

"என்ன அக்கா கேட்டனீங்கள்?"

"சொன்னாப் பலிக்காது."

"சொல்லாட்டி நான் எழுதேலாது."

"எழுதப் போறீரோ? அப்ப வடிவா எழுதும். நாலு மணிப் பூசை நிண்டுபோகக் கூடாது. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

நாலு மணிப் பூசை என்பது ஞாயிறுதோறும் பின்னேரம் எங்கள் கோயிலில் தமிழில் நடக்கும் பூசை. நான் ஹம்மர்பெஸ்டிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்த நாளிலிருந்து நடக்கிறது. ஓகஸ்டில் கோயிலின் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஞாயிறு பின்னேரத்தில் எல்லா மொழிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நோர்வேஜிய மொழியில் ஒரு பூசை தேவை. கோயிலில் வேறு நேரம் இல்லை. ஆகவே ஜனவரியிலிருந்து தமிழ்ப் பூசை மாதத்துக்கு ஒன்று, முதல் ஞாயிறு மட்டும். ஒக்டோபரில் பங்குப் பேரவை வாக்கெடுக்கும். ஒன்பது பேர் கொண்ட பேரவை அது. தாளைத் தயாரித்தவர் பேரவையின் இளைய உறுப்பினர். வசனங்கள் சுருக்கம், ஒரு பிழை இல்லை. பார்த்தவுடனே யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்தது. அவள் என் மகள்.

அக்கா என்னிடம் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

மற்றவர்கள் சாப்பிடத் திரும்பினார்கள். நான் மதில் வாசலுக்குள் போனேன்.

உள்ளே இருப்பது ஓர் அரண்மனை. ஆனால் வரைபடம் இல்லாவிட்டால் அது தெரியாது. பேக்கரி இருக்கிறது, வங்கி இருக்கிறது, தலைமுடி வெட்டும் கடை இருக்கிறது. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன் ஒரு ரோமப் பேரரசர் தன் ஓய்வுக்காலத்துக்கென்று, தான் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி இதைக் கட்டினார். பதவியைத் தானாகவே விட்டுவிட்டு வந்து இங்கே குடியிருந்தார். எகிப்திலிருந்து கல்தூண்களும் மனிதத் தலை வைத்த சிங்கச் சிலைகளும் வந்தன. அவர் ஆட்சியில் கிறிஸ்தவர்களைத் தேடிப்பிடித்துக் கொன்றார்கள். அண்டை நகரமான சாலோனாவின் ஆயரும் கொல்லப்பட்டவர்களில் ஒருவர்.

சாலோனா பிறகு விழுந்தது. ஏழாம் நூற்றாண்டில் அவார் இனத்தவரும் ஸ்லாவியர்களும் தாக்கியபோது சனங்கள் முதலில் தீவுகளுக்கு ஓடினார்கள் என்று சொல்கிறார்கள். பிறகு கரைக்குத் திரும்பி, பேரரசர் இல்லாத அரண்மனைக்குள் புகுந்தார்கள். அழைப்பு எதுவும் இருக்கவில்லை. தூண்களுக்கு இடையில் சுவர் எழுப்பி வீடாக்கினார்கள். காவல் வீரர் நடந்த ஒழுங்கையில் சமையல் புகை எழுந்தது. பேரரசரின் கல்லறை மண்டபத்தைக் கோயிலாக்கி, அவர் ஆட்சியில் கொல்லப்பட்ட ஆயரின் எலும்புகளைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். பேரரசரின் உடல் வைத்த கல்பெட்டி எங்கே போனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தரையில் துளை போட்டு வீட்டுக் குப்பையைக் கீழே நிலவறைகளுக்குள் கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் கொட்டினார்கள். அறைகள் கூரை வரை நிரம்பின. நிரம்பியதால்தான் அவை இன்றும் இடியாமல் நிற்கின்றன. பேரரசரின் நிலவறையைக் காப்பாற்றியது அகதிகளின் குப்பை. நாளிதழில் இருந்திருந்தால் அதைத்தான் தலைப்பாகப் போட்டிருப்பேன்.

ஊரின் அழகு பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது மூன்று விடயம். நடைபாதைக் கல் வெள்ளை. கால்பட்டுத் தேய்ந்து, ஈரம் இல்லாதபோதும் ஈரமாகத் தெரிகிறது. மீன்சந்தையில் ஈ இல்லை. பக்கத்தில் கந்தக ஊற்று இருக்கிறது, மணம் மூக்கைப் பிடிக்கிறது, ஈக்களுக்கும் பிடிக்கவில்லை. மூன்றாவது, ரோம வளைவுகளுக்குக் குறுக்கே உடுப்புக் கொடி கட்டி இருக்கிறது. நான் போன நேரத்தில் அப்படி ஒரு கொடியில், மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று ஒரு பெண் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கப்பியை இழுக்கும்போது ஒரு கிளிப் கழன்று என் முன்னால் விழுந்தது. எடுத்துக் காட்டினேன். அவள் ஒரு சிறு கூடையைக் கயிற்றில் இறக்கினாள். அந்தச் சாட்டில் ஆங்கிலத்தில் கொஞ்சம் கதைத்தோம்.

"வெளியே பெரிய சிலையாக நிற்கிற புனிதர் யார்?" என்று கேட்டேன்.

"புனிதரா?" அவள் ஜன்னலில் சாய்ந்து சிரித்தாள். "அவர் புனிதர் இல்லை. ஆயர். பூசையை எங்கள் மொழியில் வைக்க வேண்டும் என்று லத்தீன் ஆட்களோடு சண்டை பிடித்தவர்."

"வென்றாரா?"

"தோற்றார். பதவியும் போயிற்று." கிளிப்பைப் போர்வையில் மாட்டினாள். "நான் பரீட்சைக்குப் போகும்போது விரலைத் தொட்டிருக்கிறேன். எல்லாரும் தொடுவார்கள்."

தகவலை ஒரே வாயிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றுலா அலுவலகம் திறக்கும்வரை காத்திருந்து விசாரித்தேன். பத்தாம் நூற்றாண்டு. இந்த நகரில் கூடிய திருச்சபை அவையில், உள்ளூர் ஸ்லாவிய மொழி வழிபாட்டுக்காக அவர் நின்றார் என்பது மரபு. அவர் உண்மையில் எவ்வளவு தூரம் அதற்காக நின்றார் என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. அவருடைய மறைமாவட்டமே கலைக்கப்பட்டது. அதில் சந்தேகம் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து இந்தக் கரையின் சில இடங்களில் அந்த மொழிக்கு அனுமதி கிடைத்தது. சிலை முதலில் அரண்மனையின் நடு முற்றத்தில் நின்றது. இரண்டாம் உலகப் போரில் ஊரைப் பிடித்த இத்தாலியப் படை அதை அகற்றியது. போருக்குப் பிறகு மதிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன், பிறகு யாராவது என்னைத் திருத்த வேண்டாம் என்பதற்காக: அவர் கேட்ட மொழி, சாலோனாவிலிருந்து சனங்களைத் துரத்தியவர்கள் கொண்டுவந்த மொழி.

பஸ்ஸில் ஏறியதும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் முப்பது கைலேஞ்சிகள் முப்பது வீடுகளுக்குப் போகப்போகின்றன. பிழையான செய்தியை அச்சுக்கு அனுப்ப எனக்கு முடியாது.

"அண்ணை, அவர் புனிதர் இல்லை."

"ஆர்?"

"விரல்காரர்."

பொறுப்பாளர் அண்ணை ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி திரும்பினார். "உமக்கு ஆர் சொன்னது?"

முன் இருக்கையில் தூத்துக்குடியிலிருந்து ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்த பொறியாளர் ஒருவர் இருந்தார். அவர் தொலைபேசியைத் தடவிவிட்டு, என்னைக் காட்டி, "அக்கா சொல்றது கரெக்ட்தான் அண்ணா. வெறும் பிஷப்தான். செயின்ட் லிஸ்ட்லயே இல்ல," என்றார்.

பஸ் கொஞ்ச நேரம் ஆயரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தது. "காலமை அஞ்சு மணிக்கு எழும்பி, வெறுங்காலோடை குளிர் கல்லிலை நிண்டனாங்கள்!" "உதை நாளைக்குச் சொல்லியிருக்கலாம்தானே." "பேப்பர்க்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தா இதுதான்." முழங்கால்காரர் மெதுவாகத் தன் கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். அதைப் பார்த்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அந்த இடைவெளியில் மிச்சத்தைச் சொன்னேன். மொழிக்காக நின்றது, தோற்றது, பதவி போனது எல்லாவற்றையும்.

பின் வரிசையிலிருந்து லில்லெஸ்ட்ரோம் அக்காவின் குரல் கேட்டது. கோயிலில் எல்லோரையும்விட அரை அடி முந்திப் பாடும் குரல் அது.

"அப்ப நான் சரியான ஆளிட்டைத்தான் கேட்டிருக்கிறன்."

"தோத்த ஆளிட்டை," என்றார் பொறுப்பாளர் அண்ணை.

"தோத்த ஆளுக்கு ஏன் இவ்வளவு பெரிய சிலை வைச்சவங்கள்? வெண்டவங்களின்ரை பேரைச் சொல்லும் பாப்பம்."

பொறுப்பாளர் அண்ணை ஒலிவாங்கியைக் கொக்கியில் மாட்டினார். அக்கா கைலேஞ்சியை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி, வாயைக் கட்டினார்.

மாதா தலத்தில் மூன்று நாள் இருந்தோம். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள்.

ஒஸ்லோவின் தென்கிழக்குப் பகுதியான மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் வீட்டுச் சமையலறையில், ஒக்டோபர் முதல் கிழமை, மகளும் நானும் நேரடியாகக் கதைத்தோம். அவள் தனியாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட வருவாள். ஞாயிறுகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறாள். வகுப்பில் போலந்துப் பிள்ளைகள், எரித்திரியப் பிள்ளைகள், வியட்நாம் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவாகத் தெரிந்த மொழி ஒன்றுதான், நோர்வேஜிய மொழி.

"அம்மா, எனக்கு நாலு மணிப் பூசையிலை பாதி விளங்கிறேல்லை. சின்னனிலையிருந்தே விளங்கிறேல்லை. நான் பெஞ்சிலை இருந்து விளக்குகளை எண்ணினனான்."

"எத்தினை விளக்கு?"

"இருபத்திநாலு. பகிடி பண்ணாதேங்கோ. இப்ப என்ரை வகுப்பிலை இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளும் அதைத்தான் எண்ணுதுகள்."

"எண்ணட்டும். மாதத்திலை நாலு ஞாயிறும் எண்ணட்டும்."

"நீங்கள் பூசைக்கு வாறனீங்களோ, தமிழுக்கு வாறனீங்களோ?"

"ரெண்டுக்கும். வேறை வேறையாப் பிரிச்சு வைக்க எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு நோர்ஷ்க் விளங்கும். நாள் முழுக்கக் கதைக்கிறியள்."

"நாள் முழுக்கக் கதைக்கிறன். ஓம். சப்பாத்தைப் போடு, மூக்கைத் துடை, அவனை அடிக்காதை. உந்தப் பாஷையிலை நான் கடவுளோடை கதைக்க வெளிக்கிட்டா அவருக்கும் சப்பாத்துத்தான் மாட்டிவிடுவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "டிரமாட்டிஸ்க்," என்றாள்; நான் நாடகம் ஆடுகிறேனாம். பிறகு, "நான் ஓம் எண்டுதான் வோட் பண்ணுவன். முன்னமே சொல்லிப்போட்டன்," என்றாள்.

"நல்லது. நானும் வந்து கதைப்பன். முன்னமே சொல்லிப்போட்டன்."

அவள் சோற்றை முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

கூட்டம் கோயிலுக்குக் கீழே இருந்த மண்டபத்தில், மாலை ஆறரைக்கு. நீள மேசையின் ஒரு பக்கம் ஒன்பது பேர். வெப்பக் குடுவையில் கோப்பி, ஒரு தட்டில் பிஸ்கற். பார்வையாளர்களாக நாங்கள் பதினாறு பேர். லில்லெஸ்ட்ரோம் அக்கா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கைகளில் சலவைத் தூளின் வாசம். எங்கள் பக்கத்தில் பேச ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றார் தலைவர். அவர் ஒரு நோர்வேக்காரர், நியாயமான மனிதர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பேசும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். முன் கிழமை முழுக்க ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்: வயதுபோன ஆட்களைப் பற்றிச் சொல்லும், போரைப் பற்றிச் சொல்லும், கொஞ்சம் கண்ணீர் விட்டாலும் பிழையில்லை. அவற்றில் ஒன்றையும் சொல்வதாக நான் ஏற்கவில்லை. இரக்கத்தைக் கேட்டு வாங்கினால் அடுத்த வருடம் திரும்பவும் கேட்க வேண்டி வரும்.

நோர்வேஜிய மொழியில், ஒரு செய்திக்குரிய ஒழுங்கில் சொன்னேன். ஒரு பேரரசர் வீடு கட்டினார். சனங்கள் அதற்குள் புகுந்து அதை ஊராக்கினார்கள். அந்த ஊரில் ஓர் ஆயர், சனங்களின் மொழியில் பூசை வேண்டும் என்று கேட்டார். முப்பது தமிழர் அவரைப் புனிதர் என்று நினைத்து, சப்பாத்தைக் கழற்றி விரலைத் தொட்டார்கள். மேசையில் சிரிப்பு எழுந்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன். அக்கா பொலித்தீன் பையை மடியில் இறுக்கிப் பிடித்தார்.

"அந்த ஆயர் வென்றாரா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லை. தோற்றார்."

"அப்படியானால் அதை ஏன் எங்களுக்குச் சொல்கிறீர்கள்?"

"நாங்களும் தோற்கலாம். உங்களிடம் ஒன்பது வாக்கு இருக்கிறது, எங்களிடம் ஒன்றும் இல்லை. தோற்றாலும் ஞாயிறு நான்கு மணிக்கு வருவோம். குருவானவர் இல்லாவிட்டால் செபமாலை சொல்வோம், வாசகங்களை வாசிப்போம். கோயிலில் இடம் இல்லாவிட்டால் வாசலில் நிற்போம். இது வேண்டுகோள் இல்லை. முன்கூட்டிய அறிவித்தல்."

நிறைய எழுதி, அதில் பெரும்பாலானதை வெட்டியபின் மிஞ்சிய வசனங்கள் அவை. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. போய்க் கதிரையில் இருந்தேன்.

மகள் தன் பக்கத்தைச் சொன்னாள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். விளக்குகளை எண்ணியதையும் சொன்னாள். நன்றாகச் சொன்னாள். அதில் பொய் இல்லை. நான் அந்த மேசையில் இருந்திருந்தால் ஒரு கணம் யோசித்திருப்பேன்.

வாக்கெடுப்பு கை உயர்த்தி. ஆதரவு ஆறு, எதிர்ப்பு மூன்று. மகளின் கை நேராக நின்றது, முழங்கை மடங்கவில்லை. இரண்டாவதாக உயர்ந்த கை அது.

மெட்ரோவில் நாங்கள் இருவரும் ஒரே பெட்டியில் வந்தோம். அவள் தன் நிலையத்தில் இறங்கவில்லை. என்னோடு மோர்டென்ஸ்ருட் வரை வந்தாள். நான்கு நிலையங்கள் கடந்தபின் கேட்டாள்:

"கோவமா?"

"இல்லை. கையை வடிவா உயத்தினாய். சிலர் பாதியிலை வைச்சுக்கொண்டு மற்றாக்களைப் பாத்தவை."

"அம்மா."

"என்ன?"

"ஜனவரியிலை மைனஸ் பத்து வரும். வாசலிலை நிண்டு என்ன செய்யப் போறியள்?"

"ஹம்மர்பெஸ்டிலை நிண்டனான்."

"அது முப்பது வருசத்துக்கு முந்தி."

"குளிருக்கு அது தெரியாது."

கீழ் மண்டபத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் பேரவை உறுப்பினர் ஒருவர் முன்பதிவுத் தாளில் கையெழுத்திட வேண்டும். அது எனக்குத் தெரியும். எதிராக வாக்களித்த மூவரில் ஒருவரிடம் கேளுங்கோ என்று பொறுப்பாளர் அண்ணை இரண்டு முறை தொலைபேசி எடுத்தார். நான் கேட்கவில்லை. மேசையில் தோற்றதைத் தாழ்வாரத்தில் போய்க் கேட்டு வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. மகளிடமும் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வந்தாள், பலகாரம் சுட உதவினாள், போனாள்.

ஜனவரியின் முதல் ஞாயிறு பூசை இருந்தது. கோயில் நிறைய ஆட்கள்; எண்பதுக்கு மேல். அது கணக்கில் வராது. அடுத்த ஞாயிறுதான் எங்கள் ஞாயிறு.

அன்று மைனஸ் ஒன்பது. மூன்று நாற்பதுக்கு நான் கோயில் படியில் நின்றேன். மேலே நோர்வேஜியப் பூசைக்குப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி தொப்பியைக் கழற்றாமலே எனக்குக் கை காட்டினாள். மூன்று நாற்பத்தைந்துக்கு லில்லெஸ்ட்ரோம் அக்கா வந்தார். இரண்டு சால்வை, ஒரு மடக்குக் கதிரை, வெந்நீர்க் குடுவை. கையுறைக்குள் பொலித்தீன் பை.

"எத்தினை பேர் வருவினம்?"

"தெரியாது."

"நாங்கள் ரெண்டு பேர் வந்திட்டம்தானே. தொடங்குவம்."

"நாலு அடிக்கட்டும்."

பொறுப்பாளர் அண்ணை வந்தார், மனைவியோடும் பெரிய டோர்ச் லைட்டோடும். "இருட்டிலை வாசகம் வாசிக்கேலாது," என்றார், யாரும் கேட்காமலே. தூத்துக்குடிப் பொறியாளர் வந்தார். அவரிடம் கையுறை இல்லை, அக்கா தன் இரண்டாம் சால்வையைக் கொடுத்தார். முழங்கால்காரர் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். மூன்று ஐம்பத்தைந்துக்குப் படியில் இருபத்திரண்டு பேர் நின்றோம். மூச்சு வெள்ளையாகப் போனது.

"பக்கக் கதவைத் தள்ளிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார் பொறுப்பாளர் அண்ணை.

"அது பூட்டித்தான் இருக்கும்."

"பாத்தனீங்களோ, இல்லையோ?"

பார்க்கவில்லை. நான்கு வருடம் செய்தியாளராக இருந்தவள் கதவைத் தள்ளிப் பார்க்காமல் வெளியே நின்றேன். கோயிலைச் சுற்றிப் பக்கத்துக்குப் போனோம். கீழ் மண்டபத்தின் ஜன்னல்களில் வெளிச்சம் இருந்தது. பிடியை அழுத்த, கதவு திறந்தது. வெக்கை முகத்தில் அடித்தது. கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. உள்ளே யாரும் இல்லை. மேலே கூரைக்கு அப்பால் பிள்ளைகள் பாடத் தொடங்கியிருந்தார்கள்.

அக்கா முதலில் உள்ளே போனார். பொலித்தீன் பையை அவிழ்த்து, கைலேஞ்சியை எடுத்து மேசை நடுவில் விரித்து, அதன் மேல் மெழுகுதிரியை வைத்தார். நான் கதவைச் சாத்தத் திரும்பினேன்.

கதவின் உட்புறத்தில் முன்பதிவுத் தாள் ஒட்டியிருந்தது. முதல் ஞாயிறுகள் தவிர்ந்த ஒவ்வொரு ஞாயிறுக்கும் நேரே, நான்கு மணி முதல் ஐந்து மணி வரை, ஜூன் மாதக் கடைசி வரை, என் மகளின் கையெழுத்து இருந்தது.